நண்டு மாதிரி ஒரு காலர்

அந்தச் சட்டைத் தொழிற்சாலையின் மூன்றாவது லைனில் அவளுக்கு அம்புக்காரி என்று பெயர். முகத்துக்கு நேரே எல்லோரும் மேடம் என்பார்கள்; முதுகு திரும்பினால் அம்புக்காரி. வில்லெல்லாம் கிடையாது. சுண்டுவிரல் நகத்தளவு சிவப்பு அம்பு ஸ்டிக்கர்கள் ஒரு சுருளாக இடது மணிக்கட்டில் தொங்கும். தைத்து வரும் சட்டையில் எங்கே தையல் பிசகியிருக்கிறதோ அங்கே ஒன்றைப் பிய்த்து ஒட்டுவாள். அம்பு ஒட்டிய பீஸ் அடுத்த மேஜைக்குப் போகக் கூடாது. தைத்தவரிடமே திரும்பிப் போய், அவர் அதைச் சரி செய்து, அம்பைப் பிய்த்துப் போட்டுவிட்டுக் கொண்டுவர வேண்டும். பத்தொன்பது வருடமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அடுத்தவர் தையலைப் பார்ப்பதே பிழைப்பாகிவிட்டதால், வீட்டிலும் அவள் கை சும்மா இருப்பதில்லை. தலையணை உறை, குளியலறைத் திரை, கணவரின் பேண்ட் முட்டி, ஒருமுறை பேருந்தில் முன் இருக்கையில் இருந்தவரின் காலர். அந்த மனிதர் முதுகில் அம்போடு இறங்கிப் போனார்.

இப்படிப்பட்டவளுக்குத் தைக்க வராது.

அடக்கத்துக்காகச் சொல்வதல்ல. பள்ளிக்கூடத் தையல் வகுப்பில் ஒரு கைக்குட்டைக்கு ஓரம் அடித்தாள். முடித்துவிட்டு எழுந்தபோது கைக்குட்டையும் பாவாடையோடு சேர்ந்து எழுந்தது. அன்றோடு ஊசிக்கு ஒரு கும்பிடு. தொழிற்சாலையில் சேர்ந்ததுகூட நூல்கண்டு எண்ணும் வேலைக்குத்தான். ஒருநாள் செக்கிங் பார்ப்பவர் வரவில்லை என்று யாரோ ஒரு சட்டையை இவள் கையில் கொடுக்க, இவள் அதில் ஆறு குறை சொல்ல, ஆறும் சரியாக இருந்துவிட்டது. அதற்குப் பிறகு தையல் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு எதற்குப் பதில் என்று இவளும் பத்தொன்பது வருடத்தை ஓட்டிவிட்டாள். வீட்டில் பட்டன் அறுந்தால் கணவர்தான் தைப்பார். அவர் லிஃப்ட் மெக்கானிக். அவர் தைத்த பட்டன் அறுந்ததில்லை, சட்டைதான் கிழியும்.

வருடக் கடைசி விடுமுறைக்கு முன்னால் லைனில் ஒருவருக்கொருவர் பரிசு கொடுத்துக்கொள்வது வழக்கம். சீட்டுக் குலுக்கிப் போட்டு, யாருடைய சீட்டு வருகிறதோ அவருக்கு ஒரு பரிசு. கொடுத்தவர் யார் என்று சொல்லக் கூடாது. இந்த வருடம் சூப்பர்வைசருக்குத் திடீரென்று கலையார்வம் பிறந்துவிட்டது.

"ஊருக்கெல்லாம் தைக்கிறோம், நமக்குன்னு ஏதாவது தைச்சிருக்கோமா?" என்றார் மனிதர், கட்டிங் மேஜைமேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு. "பரிசுல கட்டுற அட்டையை அவங்கவங்க கையால தைச்சிட்டு வரணும். மிஷின் கூடாது. பேரு கூடாது. வாங்கப்போறவர் என்ன வேலை பார்க்கிறாரோ அதைப் படமா தைக்கணும். படத்தை வச்சு நாம ஆளைக் கண்டுபிடிக்கணும். எப்படி?"

இருபத்திரண்டு பேரும் கை தட்டினார்கள். அம்புக்காரிதான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினாள். உள்ளுக்குள் உதறல் இருப்பவர்கள் அப்படித்தான் தட்டுவார்கள்.

சீட்டில் அவளுக்கு வந்தவர் இஸ்திரிக்காரர். நல்ல சீட்டு. ஒரு முக்கோணமும் ஒரு கைப்பிடியும் போதும், வேலை முடிந்தது. ஆனால் அவள் பட்டன் மேஜைக்காரியைத் தண்ணீர்க் குழாயருகே மடக்கி, அவளிடம் இருந்த சீட்டைக் கெஞ்சி மாற்றிக்கொண்டாள். பதிலுக்குக் கம்பெனிப் பேருந்தில் தன்னுடைய ஜன்னலோர இருக்கையை ஒரு மாதத்துக்கு விட்டுக்கொடுத்தாள். பட்டன் மேஜைக்காரி கையில் இருந்தது காலர்க்காரியின் சீட்டு.

காலர்க்காரி அந்த லைனில் காலர் மட்டும் தைப்பவள். அவளும் அம்புக்காரியும் பதினோரு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து மதியம் சாப்பிட்டவர்கள். ஒருத்தி டப்பாவை மற்றவள் கேட்காமல் திறப்பாள். லைனில் அம்புக்காரியை "ஏய்" என்று கூப்பிட்ட ஒரே ஆள் அவள்தான். எட்டு மாதத்துக்கு முன் எல்லாம் நின்றுபோனது.

அன்றைக்குக் காலர்க்காரி நாலு மணிக்குக் கிளம்ப அனுமதி வாங்கியிருந்தாள். மகளுக்கு வெகு தூரத்து ஊரில் நர்ஸ் வேலை, ஐந்தரைக்கு ரயில். போனால் இரண்டு வருடம் கழித்துத்தான் திரும்புவாள். இது அம்புக்காரிக்குத் தெரியும். அந்தப் பெண் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து இவளைச் சித்தி என்றுதான் கூப்பிடுகிறது. மூன்றரை மணிக்குக் காலர்க்காரி தைத்த நூற்றெண்பது காலர்கள் மேஜைக்கு வந்தன. எடுத்து அளந்தாள். வலது முனையைவிட இடது முனை இரண்டரை மில்லி நீளம். மேஜையில் மாட்டியிருந்த அளவுச் சீட்டில் இரண்டு மில்லி வரைதான் விடலாம் என்று போட்டிருந்தது. அம்புக்காரி நூற்றெண்பது அம்பு ஒட்டினாள். "சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்று ஒரு வசனம் வேறு. நினைத்தால் இப்போதும் காது சுடும். காலர்க்காரி பிரித்துத் தைத்து முடித்தபோது மணி ஆறு. ரயில் போய்விட்டது.

அது மட்டும் என்றால்கூடக் கடமை, கத்தரிக்காய் என்று சப்பைக்கட்டு கட்டியிருக்கலாம். பதினைந்து நாள் கழித்து மேஜையைத் துடைத்தபோது, கிளிப்பில் அந்த அளவுச் சீட்டுக்கு அடியில் இன்னொரு சீட்டு இருந்தது. அந்த ஆர்டருக்கு வந்த சீட்டு அதுதான். மேலே இருந்தது பழைய ஆர்டருடையது. புதுச் சீட்டில் மூன்று மில்லி வரை விடலாம் என்று இருந்தது. அந்த நூற்றெண்பது காலரும் நல்ல காலர்கள். உலகத்துத் தையலையெல்லாம் புரட்டிப் புரட்டிப் பார்த்தவள் தன் மேஜையில் ஒரே ஒரு காகிதத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை.

அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. ஓர் அம்பு தப்பு என்று தெரிந்தால், பத்தொன்பது வருட அம்புகளையும் தூக்கிக்கொண்டு எல்லோரும் வரிசையில் வந்து நிற்பார்கள் என்று பயம். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். நாளைகளுக்கா பஞ்சம்? இதற்கிடையில் காலர்க்காரி ஒவ்வொரு காலரையும் மூன்று தடவை அளக்க ஆரம்பித்தாள். இருபது வருடம் அளக்காமலே தைத்த கை. இரண்டாம் அளவுக்கும் மூன்றாம் அளவுக்கும் நடுவில் அந்தக் கை ஒரு நொடி நின்று தயங்குவதை அம்புக்காரி தினமும் தன் மேஜையிலிருந்து பார்த்தாள். போன வாரம் சூப்பர்வைசர் போகிற போக்கில் சொன்னார், காலர்க்காரி எழுதிக் கொடுத்துவிட்டாளாம்: கை முன்னே மாதிரி இல்லை, விடுமுறைக்கு அப்புறம் தன்னைப் பட்டன் மேஜைக்கு மாற்றிவிட வேண்டும் என்று.

அதனால்தான் ஜன்னலோர இருக்கை போனது.

விடுமுறைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டு மேஜையில் நீல ஃபெல்ட் துணி, வெள்ளை நூல், ஊசிப் பொட்டலம், ஒட்டுப் பிளாஸ்திரி ஆகியவை பரப்பப்பட்டன. ஊசியில் நூல் கோக்க அவளுக்கு வராது என்பதால் கணவர் ஆறு ஊசியில் முன்கூட்டியே கோத்து வைத்துவிட்டுச் செய்தித்தாளோடு எதிரே உட்கார்ந்தார். திட்டம் எளிமையானது. நீல அட்டையில் வெள்ளையாக ஒரு காலர். இரண்டு முனையும் துல்லியமாக ஒரே அளவு. காலர்க்காரி அதைப் பார்ப்பாள், பார்த்ததும் புரிந்துகொள்வாள். கொடுத்தவர் பெயர் ரகசியம் என்பதால் நேருக்கு நேர் நிற்க வேண்டிய தேவையும் இல்லை. சொன்ன மாதிரியும் இருக்கும், சொல்லாத மாதிரியும் இருக்கும். இந்த யோசனை தோன்றியபோது அவள் தன்னைப் பெரிய புத்திசாலி என்று நினைத்துக்கொண்டாள்.

முதல் அட்டையில் தைத்தது பாதி, குத்திக்கொண்டது மீதி. இரண்டாவதில் நூல் பின்பக்கம் சிக்கி ஒரு சிலந்தியாகிவிட்டது. மூன்றாவதைக் கணவர் எட்டிப் பார்த்தார்.

"மீசை நல்லா வந்திருக்கே. யாருக்கு?"

"காலர்ங்க இது."

அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். "இதைப் பார்த்தா அவங்களுக்கு எப்படிப் புரியும்?"

"ரெண்டு முனையும் ஒரே அளவு. அவளுக்குக் காலர்னா உசுரு. பார்த்த உடனே புரிஞ்சிடும்."

"ஒரே அளவா இருக்கா?"

அவள் அட்டையை அவர் பார்வையிலிருந்து நகர்த்திக்கொண்டாள்.

"பேசாம வாயைத் தொறந்து சொல்லிடேன்மா."

"சொன்னா?"

"திட்டுவாங்க."

"அதான்!"

"திட்டு வாங்கிக்கோ. லிஃப்ட் பாதியில நின்னா நான் மொதல்ல என்ன பண்ணுவேன்? உள்ள இருக்கறவங்ககிட்ட சத்தமா பேசுவேன். ஸ்பேனரெல்லாம் அப்புறம்தான்."

"இது லிஃப்ட் இல்ல. உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, பேப்பர் படிங்க."

அவர் படித்தார். விளக்குப் போடும் நேரத்தில் ஐந்தாவது அட்டை முடிந்தது. அம்புக்காரி வழக்கப்படி அதை வெளிச்சத்தில் பிடித்தாள், டேப் வைத்து அளந்தாள், முன்னும் பின்னும் திருப்பினாள், தன் கை தானாக வேலை செய்ய ஏழு அம்பு ஒட்டினாள். முதல் அட்டைக்குப் பதினாறு. ஏழு என்றால் முன்னேற்றம்தான். இதற்கு மேல் தலைகீழாக நின்றாலும் தன்னால் ஆகாது என்று அட்டையை மேஜையில் வைத்துவிட்டு, விரல்களைத் தண்ணீரில் நனைக்கப் போனாள்.

அம்பைப் பிய்க்கவில்லை. பத்தொன்பது வருடத்தில் அவள் ஒரு அம்பைக்கூடப் பிய்த்ததில்லை. ஒட்டுவது அவள் வேலை, பிய்ப்பது தைத்தவர் வேலை. இந்த அட்டையைத் தைத்தவளும் தானேதான் என்பது அவள் மூளைக்கு எட்டவேயில்லை. பரிசாக வாங்கி வைத்திருந்த ஃபிளாஸ்க்கைக் கணவர் காகிதத்தில் சுற்றி, அட்டையைக் கட்டி, பையில் வைத்தார். சிவப்பு அம்புகளை இந்தத் தடவை வேண்டுமென்றே அலங்காரத்துக்கு விட்டிருக்கிறாள் என்று நினைத்தாராம். எடுப்பாகக்கூட இருந்ததாம்.

மறுநாள் மதியம் மிஷின்கள் எல்லாம் நின்றன. கட்டிங் மேஜையைச் சுற்றி எல்லோரும் ஸ்டூல் போட்டு உட்கார, சூப்பர்வைசர் பரிசுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி அட்டையைக் காட்டினார். எண்ணெய்க் குப்பி என்றால் மிஷின் மெக்கானிக். கத்தரிக்கோல் என்றால் கட்டிங் மாஸ்டர். ஒவ்வோர் அட்டையும் அச்சடித்த மாதிரி இருந்தது. இஸ்திரிக்காரருக்கு வந்த அட்டையில் இஸ்திரிப் பெட்டியிலிருந்து ஆவியே கிளம்பியது. அதற்கு மூன்று வகைச் சாம்பல் நிற நூல். அம்புக்காரிக்கு வந்ததில் ஒரு கண். இமை முடியெல்லாம் ஒவ்வொன்றாகத் தைத்திருந்தார்கள். அவளுக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

"இது..." என்று சூப்பர்வைசர் அடுத்த பொட்டலத்தைத் தூக்கினார். அட்டையை ஒரு பக்கம் சாய்த்தார், மறுபக்கம் சாய்த்தார். "நண்டு. நம்ம லைன்ல நண்டு யாருப்பா?"

"வௌவால் சார் அது."

"மீசை. எனக்குத்தான், கொடுங்க" என்று இஸ்திரிக்காரர் கையை நீட்டினார்.

"நண்டுதான். பாருங்க, ரெண்டு கொடுக்கு. ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது."

பட்டன் மேஜைக்காரி கிட்டே வந்து பார்த்தாள். பிறகு, "ஐயய்யோ, இதுல அம்பு இருக்கு!" என்று கத்தினாள்.

எண்ணினார்கள். ஏழு. இருபத்தோரு தலைகள் ஒன்றாகத் திரும்பின. அம்புக்காரி தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டாள், அங்கிருந்து யாராவது திருடி ஒட்டியிருக்கக்கூடும் என்பது போல. சிரிப்பு கிளம்பியது. சாதாரணச் சிரிப்பா அது? பத்தொன்பது வருடம் வட்டி போட்ட சிரிப்பு. கட்டிங் மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மெக்கானிக் ஸ்டூலிலிருந்து நழுவினார்.

"காலர்" என்றாள் அம்புக்காரி, தன் குரல் தனக்கே கேட்காத அளவுக்கு. "அது காலர்."

சிரிப்பு மெல்ல அடங்கியது. சூப்பர்வைசர் பொட்டலத்தைக் காலர்க்காரியின் முன்னால் வைத்தார். அவள் மட்டும் சிரித்திருக்கவில்லை. பொட்டலத்தைத் தொடவும் இல்லை.

"அம்பு ஒட்டின பீஸ் அடுத்த மேஜைக்கு வரக்கூடாதுங்க மேடம்" என்றாள். "தைச்சவங்க சரிபண்ணிக் கொண்டுவரணும். சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே?"

யாரோ ஊசியும் நூலும் நீட்டினார்கள். அம்புக்காரி வாங்கிக்கொண்டாள். வேறென்ன செய்ய? நூல் முனையை நாக்கில் வைத்து நனைத்து ஊசிக்காதுக்குக் கொண்டுபோனாள். நூல் இந்தப் பக்கம் போனது. மறுபடி கொண்டுபோனாள். அந்தப் பக்கம் போனது. நாலு, ஐந்து, ஆறு. ஊசிக்குள் நூல் போவதைப் பார்க்க ஒரு கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"மேடத்துக்குத் தைக்கத் தெரியாதா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கிண்டலாகக்கூட இல்லை, நிஜமான ஆச்சரியம்.

"தெரியாது" என்றாள் அவள்.

பத்தொன்பது வருட மானம் அந்த ஒரு வார்த்தையில் போனது. கூரை இடிந்து விழும் என்று நினைத்தாள். விழவில்லை. மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

காலர்க்காரி மேஜைக்குக் குறுக்கே கையை நீட்டி ஊசியை வாங்கினாள். ஒரே தடவையில் நூலைக் கோத்துத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு அட்டையைக் குனிந்து பார்த்தாள். அளவு டேப் எடுக்கவில்லை.

"இடது முனை ரெண்டரை மில்லி கூட" என்றாள். "அதுலயும் ஒரு அம்பு ஒட்டியிருக்கீங்க. நல்லா ஞாபகம் வச்சிருக்கீங்க மேடம்."

அட்டை பேசும் என்றுதான் அம்புக்காரி நம்பியிருந்தாள். அட்டை நண்டாகிவிட்டது. இனி நண்டை நம்பிப் பயனில்லை.

"ரெண்டரைக்கு அம்பு ஒட்டக்கூடாது" என்றாள்.

"என்னது?"

"மூணு மில்லி வரைக்கும் விடலாம். அன்னைக்கு வந்த ஆர்டருக்கு. நான் பழைய சீட்டைப் பார்த்துட்டேன். புதுச் சீட்டு அதுக்கு அடியிலயே இருந்துச்சு. உன் காலர் நூத்தியெண்பதும் நல்ல காலர்."

சூப்பர்வைசர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கட்டிங் மாஸ்டர் அவர் கையைப் பிடித்து அழுத்தினார்.

"எப்பத் தெரியும் உனக்கு?" என்றாள் காலர்க்காரி. கோபத்தில் மேடம் எங்கோ விழுந்துவிட்டது.

"பதினஞ்சு நாள்ல."

"இது எட்டாவது மாசம்."

"ஆமா."

"தினமும் என்னைப் பார்த்துட்டுதானே உக்காந்திருந்த? நான் மூணு மூணு தடவை அளக்கறதை?"

"பார்த்துட்டுதான் இருந்தேன்."

சமாதானம் சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று அம்புக்காரி தேடினாள். வேலைப் பளு, இரண்டு ஆர்டர் ஒரே நேரத்தில் வந்தது, எல்லாம் நினைவுக்கு வந்தன. ஒன்றுகூட வாயில் வைக்கத் தகுந்ததாக இல்லை. "பயமா இருந்துச்சு" என்றாள். "என் பவுசு போயிடும்னு. இப்பப் பாரு, நண்டு தைச்சே போயிடுச்சு."

யாரும் சிரிக்கவில்லை. காலர்க்காரி எழுந்தாள். அடித்துவிடுவாளோ என்று அம்புக்காரிக்கு ஒரு கணம் தோன்றியது. அடித்தால் தேவலை என்றும் தோன்றியது. காலர்க்காரி மேலங்கிப் பையிலிருந்து கைபேசியை எடுத்து, ஒரு எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, மேஜையில் அவள் முன்னால் வைத்தாள்.

"எனக்குச் சொல்லிட்ட. அவளுக்கு யாரு சொல்றது? ஏன் ஸ்டேஷனுக்கு வரலன்னு கேட்டா. அம்மா கை ஆட்டம் கண்டுபோச்சு, தப்பா தைச்சிட்டேன், அதான்னு சொல்லி வச்சிருக்கேன். நீயே சொல்லு."

மணி அடித்தது. நாலாவது மணியில் எடுத்தார்கள். பின்னணியில் வண்டிச் சக்கரங்கள் உருளும் சத்தம், யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம், அதற்கு மேல் அவசர அவசரமாக அந்தப் பெண்ணின் குரல்.

"அம்மா, டியூட்டில இருக்கேன், ஒரு நிமிஷம்தான். இன்னைக்கு விரல் பயிற்சி பண்ணியா? பத்துத் தடவை மடக்கி நீட்டினியா? கையில நடுக்கம் இருக்கா? பொய் சொல்லாதம்மா. நான் இங்க டாக்டர்கிட்ட கேட்டு வச்சிருக்கேன்."

காலர்க்காரி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். இருபது பேரும் தரையைப் பார்த்தார்கள்.

அம்புக்காரி ஊசியை மேஜையில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் கைபேசியைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா இல்லம்மா, சித்தி பேசறேன்" என்றாள், லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி. "பயிற்சியெல்லாம் வேணாம்டா கண்ணு. உங்கம்மா கைக்கு ஒண்ணும் இல்ல. ஒருநாளும் இருந்ததில்ல."